கரண்டிச் சத்தம்

ஜனவரி 9

தங்கைக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். திருடிக்கொண்டு போகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

ஆறு வருஷத்தில் உனக்கு நான் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது. அதற்கு நீ வரவில்லை. இரண்டாவது போன மாதம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆந்தைக்குஞ்சு விழுந்து கிடந்தது, மூன்று மாதமாக வளர்க்கிறோம், கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, நீதான் காட்டு விலங்குகளுக்கான மறுவாழ்வு மையத்தில் தொண்டு செய்கிறாயாமே, என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். யோசனை கேட்டால் ஆளையே அள்ளிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

வந்தவள் முன்வாசல் வழியாக வந்தாயா? பின்பக்க இரும்புப் படிக்கட்டில் ஏறி, துளை போட்ட அட்டைப்பெட்டியில் அதைத் திணித்து, பூனை மாதிரி இறங்கினாய். நான் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. ஓடி வந்து பார்த்தால் நீ கடைசிப் படியில் நிற்கிறாய். "வீட்ல வெச்சிருக்கறது குத்தம்க்கா" என்றாய். ஆறு வருஷம் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விழுந்ததிலிருந்து ஒன்பது மாதம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ஆந்தையைப் பார்த்துத்தான் முதன்முதலில் "தின்னு" என்றார். நான் சமையலறையில் இருந்தேன். வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று பயந்தே போனேன். அப்புறம் "வா" வந்தது. அப்புறம் "ஆபீசர்". அவருடைய பழைய மேலதிகாரி மாதிரி கண் கொட்டாமல் முறைக்கிறதாம், உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்புகிறதாம். பெயர் வைத்துவிட்டு அவரே சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. மொத்தம் பதினோரு சொல் சேர்ந்திருந்தது. எல்லாம் அதனிடம் பேசியதுதான். எனக்கு ஒன்றுகூட இல்லை, அதற்காக நான் அழவும் இல்லை.

நீ போனபிறகு பதினொன்றும் போய்விட்டது.

சம்பளமில்லாமல் ஆந்தைக்குக் கழிவு அள்ளுகிறாய். பெற்றவருக்கு அள்ளுவதற்கு நான் ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆபீசர் இங்கே வர வேண்டும். போனில் கூப்பிடாதே. உன் நம்பரை ஆறு வருஷத்துக்கு முன்னால் தடுத்து வைத்தேன். அதைத் திரும்ப எப்படி எடுப்பதென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா (வேறு வழியில்லாமல்)


ஜனவரி 16

அக்காவுக்கு,

நலம். உன் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாய் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பறவை திரும்ப வராது. அதற்கு இங்கே நாற்பத்தேழு என்று எண் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் அது வரும், மனிதன் கூப்பிட்டு வருகிற பறவை வெளியே ஒரு மாதம்கூடத் தாங்காது.

எலும்பில்லாத ஈரலாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் கால் வளைந்தது. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்க வேண்டும். செல்லம் கொடுத்து எலும்பை உருக்கியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் நிற்கவே முடியாது.

இங்கே கூண்டுக்குள் போகும்போது தலையிலிருந்து முழங்கால்வரை சாம்பல் நிறத் துணியைப் போர்த்திக்கொள்வோம். கண்ணுக்கு மட்டும் வலை. உள்ளே பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. எங்கள் முகத்தை அது பார்க்கவே கூடாது. கழுவி, தீனி வைத்து, தராசில் நிறுத்து, வெளியே வந்துவிடுவோம். நீ இளக்காரமாக எழுதிய கழிவு அள்ளுவதும் அதில் சேர்த்திதான். சனி ஞாயிறில் இங்கே வருகிறேன், மற்ற நாளில் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன்.

இரண்டு தேர்வு இருக்கிறது. இருட்டில் உயிருள்ள எலியைத் தானே பிடிக்க வேண்டும். தெரியாத ஆள் ஒருவர் துணியில்லாமல் கூண்டுக்குள் போனால் விலகிப் பறக்க வேண்டும். தேறினால் காட்டுக்குப் போகும். தோற்றால் போகாது. இதோடு ஒரு படிவம் இருக்கிறது. பறவையை வளர்த்தவர்கள் நிரப்பி எங்கள் டாக்டரம்மாவுக்குத் தர வேண்டியது. உண்மையாக நிரப்பு.

முன்வாசல் வழியாக ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னவர் அப்பா. நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். வேலைக்குப் போன இடத்தில் இருப்புக்கொள்ளாமல் மூன்று வாரத்தில் பையோடு திரும்பி வந்த மகளை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் துரத்தியவர். அவர் பேச்சை நான் மீறவில்லை. பின்பக்கம் வாசப்படி கிடையாது.

தங்கை


ஜனவரி 28

தங்கைக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். நீ கவலைப்பட்டது போதும், உடம்பு சிலிர்க்கிறது.

உன் படிவத்தை நிரப்பியிருக்கிறேன். மேஜையில் உட்கார்ந்து பரீட்சை எழுதி இருபது வருஷமாகிறது. கையெழுத்துப் புரியாவிட்டால் உங்கள் டாக்டரம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு.

பறவை கிடைத்த இடம்: எங்கள் வீட்டு மாடி. திருட்டுப்போன இடமும் அதேதான்.

வைத்திருந்த இடம்: அப்பாவின் கட்டில் கால்மாடு. சில நாள் அவர் தோள். என் தையல் மெஷின்மேல் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அது வாங்கிய திட்டு அதற்கே தெரியும்.

உணவு கொடுத்தவர்: அப்பா. இடது கையால். வலது கை வராது. உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் குறிப்பிடுகிறேன்.

பறவையோடு மனிதர்கள் பேசினார்களா: பேசினார். அதைத்தான் போன கடிதத்திலேயே கரடியாய்க் கத்தினேன்.

உணவு வேளையில் ஒலி, சைகை, அழைப்பு ஏதாவது பழக்கப்பட்டிருக்கிறதா: இல்லை.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா: விரும்புகிறேன். படிவத்தில் இடம் போதாது.

தோற்றால் காட்டுக்குப் போகாது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நல்லது. தோற்கட்டும். காட்டுக்குப் போகாதது வீட்டுக்கு வரட்டும். அப்பா ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடும்போது ஒரு வாய் எடுத்துத் தட்டின் ஓரத்தில் தனியாக வைக்கிறார். அதை நான் தினமும் எடுத்துக் கொட்டுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. செய்துகொண்டுதான் இருப்பாய்.

நாற்பத்தேழாம் எண் பறவை எலி பிடித்துவிட்டது. முதல் நாள் எலியைப் பார்த்துப் பின்வாங்கியது. எலிதான் அதைத் துரத்தியது. டிரைவர் அண்ணன் சிரித்ததற்கு டாக்டரம்மா அவரை ஒரு வாரம் கூண்டுப் பக்கமே விடவில்லை. இப்போது இருட்டில் சத்தமில்லாமல் இறங்கி அமுக்குகிறது. கால் நேராகிக்கொண்டு வருகிறது.

ஆனால் ஆளைக் கண்டு விலகும் தேர்வில் தோற்றுவிட்டது. எங்களுக்குப் புரியவில்லை. நாள் முழுக்க எங்களைக் கண்டால் மூலைக்குப் போகிறது, பேசினால் திரும்புவதில்லை. காலை பத்து மணி, டீ நேரம் வந்தால் மட்டும் விழுந்தடித்துக்கொண்டு கம்பிவலைக்கு வந்து வாயைத் திறக்கிறது. டீ வராத நாளில் வருவதில்லை. மணி பார்க்கத் தெரிந்த ஆந்தையை டாக்டரம்மாவே கண்டதில்லையாம். தேர்வு அன்றைக்குப் பத்து மணிக்கு வைத்தார்கள்.

படிவத்தில் நீ எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தோம். எதையாவது விட்டுவிட்டாயா?

தங்கை


பிப்ரவரி 26

தங்கைக்கு,

நலமோ நலம். இவ்வளவு நலமாக நான் இருந்து நாளாகிறது.

தோற்றுவிட்டானா! அப்படிச் சொல்லு. எங்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு, உன் துணிக்கும் வலைக்கும் மசியுமா? அப்பாவிடம் "ஆபீசர் பெயிலாயிட்டான்ப்பா, வீட்டுக்கு வரப்போறான்" என்று காதருகில் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை அரை மணி நேரம் விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

எதையும் விடவில்லை. படிவத்தில் எழுதியது எழுதியதுதான். மாடியில் கம்பிவலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். எலும்போடு கொடுக்க வேண்டும் என்று நீ எழுதியதையும் குறித்து வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்தும் ஒரு நல்லது.

கடலோரத்தில் இருக்கிறாளே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, அவள் இந்த வருஷமும் வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். வீட்டில் ஆபீசர் வருகிறார், இந்த வருஷமும் முடியாது என்று பதில் போட்டேன். முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே போட்டேன்.

எந்தத் தேதியில் கொண்டுவருகிறாய் என்று எழுது. முன்வாசல் வழியாக வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் நீ கரித்துக்கொட்டுவாய் என்று தள்ளிப்போட்டேன். தோற்கிற பறவை வீட்டுக்குத் திரும்ப வராது. சட்டம் விடாது. இங்கேயும் வைத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு கூண்டு, வெளியே அட்டைப்பெட்டியில் எட்டு பறவை காத்திருக்கிறது. தோற்றால் ஊசி. டாக்டரம்மா போடுவார், நான் பிடித்துக்கொள்வேன். நான்கு வருஷத்தில் ஒன்பது தடவை பிடித்திருக்கிறேன். சூடு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் பத்தாம் தேதி கடைசித் தேர்வு. அதற்குமேல் கிடையாது.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஏதோ ஒரு சத்தம், ஏதோ ஒரு பழக்கம் இருக்கிறது. யோசித்துப் பார். உடனே எழுது.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

நலம்.

இருபத்து நான்கு நாள் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான். ஊசி என்று பூச்சாண்டி காட்டுகிறாய் என்று நினைத்தேன். சின்ன வயதில் என் ஜாமெட்ரி பாக்ஸை உடைத்துவிட்டு, போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது என்று சொன்னவள் நீ. உன்னை நம்புவதற்கு எனக்கு என்ன தலையெழுத்து?

நேற்று இங்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் செய்வார்கள் என்றார் அங்கே இருந்த கம்பவுண்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

பேச்சு போனபிறகு அப்பா என்னைக் கூப்பிடுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டல். டிங், டிங், டிங். தண்ணீருக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான், சும்மா நான் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கும் அதுதான். ஆந்தைக்குத் தீனி கொடுக்கும்போதும் அதையே தட்டினார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தட்டினால் நானும் வருவேன், அதுவும் வரும். யார் முதலில் வருகிறோம் என்று அவருக்கு ஒரு விளையாட்டு. ஆபீசர்தான் ஜெயிக்கும். எனக்கு மூட்டு வலி.

உங்கள் டீ நேரத்தில் யாரோ டம்ளரில் சர்க்கரை கலக்குகிறார்கள். மணி பார்க்கத் தெரிந்த ஆந்தையாம்! நான்கு வருஷமாகத் தொண்டு செய்கிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை.

படிவத்தில் "இல்லை" என்று எழுதியது தோற்றால் வீட்டுக்கு வரும் என்று. இப்போது சந்தோஷமா? அப்பாவிடம் வீட்டுக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று உன் படிவத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா பார்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இரண்டு மாதம்! இரண்டு மாதம் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். கையில் கிடைத்தால் உன்னை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நலம் விசாரிக்க இந்தத் தடவை எனக்கு முடியாது, மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரம்மா ஒரு டம்ளரை எடுத்து மூன்று தட்டு தட்டினார். கூண்டின் அந்தக் கோடியிலிருந்து வந்து அவர் தலைத்துணிமேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தட்டுவதும், வந்தவுடன் தண்ணீரை வீசித் தகரத்தை அடித்துத் துரத்துவதுமாக இருக்கிறோம். கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்த எனக்குக் கை கொப்பளித்துவிட்டது. மூன்றே நாளில் சாம்பல் துணியைக் கண்டால் அலறுகிறது. தேறிவிடும் என்று நினைத்தோம்.

நேற்று எங்கள் தோட்டக்காரப் பெரியவர் கம்பிவலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். துணி போடவில்லை. நேராக வந்து நாற்காலிக் கையில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. அதற்குச் சாம்பல் துணிதான் எதிரி. உட்கார்ந்திருக்கிற வயசானவரும் டம்ளரும் அதற்கு வீடு. வெளியே எத்தனை பேர் வாசலில் உட்கார்ந்து டம்ளரோடு இருப்பார்கள்? ஒருத்தர் தடவிக் கொடுப்பார். அடுத்தவர் கல்லை எடுப்பார்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வளர்த்தவரே வந்து தொரத்தணும். வேற யார் தொரத்தினாலும் அது அவரைத் தேடிட்டேதான் இருக்கும்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. எட்டாம் தேதிக்குள். அவரிடம் எப்படிச் சொல்வாயோ, அது உன் பாடு. நீதான் வருகிறான் என்று சொன்னவள்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைக்கு,

உனக்கு நெஞ்சில் ஈரம் என்று ஏதாவது இருக்கிறதா? இருக்கிற ஈரத்தையெல்லாம் ஆந்தைக்கு ஊற்றிவிட்டாயா?

அந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒரு ஜீவனிடம் வாயைத் திறந்தார். அதைப் பார்த்துத் திட்டி விரட்டுவதற்கு அவரைத் தூக்கிக்கொண்டு வா என்கிறாய். நான் சொல்லமாட்டேன் என்று இரண்டு நாள் இருந்தேன். அப்புறம் உன் கடிதத்தையே அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். என்னைத் திட்டியதையும் விடாமல் வாசித்தேன். ஊசி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசி என்று சைகை செய்தார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரையும் கரண்டியையும் எடுத்து என் கைப்பையில் போட்டார்.

எட்டாம் தேதி காலை வாடகை வண்டியில் வருகிறோம். உனக்காக இல்லை. உன் டாக்டரம்மாவுக்காகவும் இல்லை. அங்கே என்னிடம் பேசாதே.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக வீடு சேர்ந்திருப்பீர்கள். நீ சொன்னபடி அன்றைக்கு உன்னிடம் பேசவில்லை. உன்னையும் அதற்கு அடையாளம் தெரியும் என்று டாக்டரம்மா உன்னைக் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அங்கேயிருந்து உனக்குச் சத்தம் கேட்டிருக்கும். வார்த்தை கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். துணிக்குள் இருந்தது நான் என்று அவருக்குத் தெரியாது. பேசக் கூடாது என்பது விதி. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றேன். கழுத்துக்குப் பின்னால் முடி சீராக வெட்டியிருந்தது. நீ வெட்டியதுதானே?

தட்டினார். மூன்று தட்டல். சாம்பல் துணியோடு நான் பின்னால் நின்றதைக்கூடப் பொருட்படுத்தாமல், நாற்பத்தேழு மேலே இருந்து இறங்கி அவருடைய வலது கைமேல் உட்கார்ந்தது, வராத கைமேல். கழுத்தைத் திருப்பி அவரை ஒரு முறை முறைத்தது. அவர் மடியில் தண்ணீர்க் குவளை வைத்திருந்தோம். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே இருந்து டாக்டரம்மா கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்வேன்? "வா" என்று சொல்லிவிடுவார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தண்ணீரை வீசினார். அது ஒரு முழம் பறந்துவிட்டு, விளையாட்டு என்று நினைத்துத் திரும்ப அதே கையில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் டம்ளரைத் தரையில் ஓங்கி அடித்தார்.

"போ! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!"

அந்தக் கூண்டில் ஏது வாசப்படி? அதே வார்த்தை, அக்கா. அதே குரல். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. அது மேலே போய் மூலையில் ஒட்டிக்கொண்டபிறகும் நிறுத்தவில்லை. போ, போ என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி தட்டினார். வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார். வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அவருக்கு எதிரே நின்றேன். முகத்தைத்தான் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இந்தத் தடவை பின்னால் நின்றேன். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. வராத தோளும்.

பத்தாம் தேதி தேர்வில் தேறியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விட்டோம். பெட்டியைத் திறந்தது நான். போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை ஆபீசர்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன் பக்கத்திலிருந்து என்ன தெரிந்தது?

தங்கை


மே 2

தங்கைக்கு,

இங்கே நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதியாகிவிட்டது.

வந்த நாளிலிருந்து அப்பா ஒரு சொல் பேசவில்லை. டம்ளரையும் தொடுவதில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைக் கையால் அடிக்கிறார். மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு வந்திருக்கிறார். தட்டின் ஓரத்தில் ஒரு வாய் வைப்பதையும் நிறுத்திவிட்டார். ஆந்தை பிழைத்தது, உனக்குச் சந்தோஷம். எனக்கு என்ன மிஞ்சியது என்று நீ கேட்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில் போடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் இருந்தேன்.

நீ பையோடு வந்து நின்றாயே, அதற்கு முந்தின நாளே உன் கடிதம் வந்துவிட்டது. வேலை வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடுகிறேன், அப்பாவையும் உன்னையும் விட்டுவிட்டு இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவளும் வந்து உக்காந்தா உன்ன மாதிரியே இங்கயே கெடந்து போயிடுவா. ஒருத்தியாவது போகட்டும்." நீ வந்த அன்று காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இறுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நீ தெருமுனை திரும்பும்வரை கதவுக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது.

இதை உனக்குச் சொல்லிவிடு என்று விழுவதற்கு முன்னால் இரண்டு தடவை சொன்னார். நான் சொல்லவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை. நீ அவரை வெறுத்துக்கொண்டு தூரத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காரணத்துக்காகத்தான்.

ஒருத்தியாவது போகட்டும் என்றாரே, அந்த ஒருத்தியாக நீதான் என்று எப்படித் தீர்மானித்தார்? மூத்தவள் நான். எனக்கும் அப்போது முப்பத்து மூன்று வயதுதான். எனக்கும் கடலோரத்தில் வேலை வந்திருந்தது, சிநேகிதியின் தையல் கடையில். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போயிருப்பேன்.

என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை.

இதற்குப் பதில் போடாதே.

அக்கா


மே 7

அக்காவுக்கு,

உன் நலம் கேட்கப்போவதில்லை. தெரியும்.

ஆறு வருஷத்தை நீ திருடியிருக்கிறாய். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. அதை நேரில் வந்து, உட்கார்ந்து, நாள் கணக்கில் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டும். இப்போது அதற்கு நேரமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். முன்வாசல் வழியாக. கண்ணாடிக் கடையில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன், டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட எனக்குத் தெரியும், அள்ளவும் தெரியும். நாலு வருஷம் பயிற்சி எடுத்திருக்கிறேன், நீயே எழுதியிருக்கிறாய். மாத்திரை எதெது எப்போது என்று ஒரு தாளில் எழுதி வை. உண்மையாக எழுது.

உன் சிநேகிதிக்கு நீ சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக எழுதிப் போட்டுவிட்டேன். பையைக் கட்டி வை. கட்டவில்லையென்றால் நான் கட்டுவேன், உனக்குப் பிடிக்காத துணியாகப் பார்த்து வைப்பேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்பாய். உன்னைத் தெரியாதா? அப்பாவால் இனிக் கத்த முடியாது. அதனால் அவருக்கும் சேர்த்து நானே வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தப்போகிறேன். முன்கூட்டியே எழுத்தில் தருகிறேன், பயிற்சி எடுத்துக்கொள்:

போ. ஒரு மாசத்துக்கு இந்த வாசப்படி மிதிக்காதே.

தங்கை